ஹாஃப்னியமா, டாண்டலமா?

மெம்ரிஸ்டர், அதாவது முன்பு பாய்ந்த மின்சாரத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றி அதை நினைவில் வைத்துக்கொள்ளும் சாதனம், என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2008இல் எச்.பி. ஆய்வகம் காட்டிய டைட்டானியம் டை ஆக்சைடு சாதனம். 1971இல் மின்பொறியியல் அறிஞர் லியோன் சுவா கோட்பாடாகச் சொன்னதற்கு உருவம் கொடுத்தது அதுதான். பெருமை சரி, ஆனால் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவையில்லை. போட்டி ஹாஃப்னியம் ஆக்சைடுக்கும் டாண்டலம் ஆக்சைடுக்கும்தான். மூளையைப் போலக் கணக்குப் போடும் சிப்புக்கு நாங்கள் எடுத்தது ஹாஃப்னியம்.

வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே. சில நானோமீட்டர் ஆக்சைடு படலத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால், ஆக்சிஜன் விட்டுப்போன இடங்கள் சேர்ந்து மெல்லிய கடத்தும் இழையாகும். எதிர்த்திசையில் கொடுத்தால் இழை அறும். மின்சாரம் போனாலும் நிலை மாறாது.

எத்தனை முறை அழித்து எழுதலாம் என்பதில் டாண்டலத்தை மிஞ்ச முடியாது. 2011இல் சாம்சங் குழு ஒரு லட்சம் கோடி முறை வரை காட்டியது. 2013இல் பானசோனிக் டாண்டலம் ஆக்சைடு நினைவகத்தை மைக்ரோகன்ட்ரோலரில் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்பில்) வைத்து விற்பனைக்கே கொண்டுவந்தது.

அப்புறம் ஏன் ஹாஃப்னியம்? படலத்தைப் போடுவதில் இருக்கிறது விஷயம். மூளையைப் போலக் கணக்குப் போட லட்சக்கணக்கான செல்கள் (ஒவ்வொன்றிலும் ஒரு மெம்ரிஸ்டர்) ஒரே மாதிரி நடக்க வேண்டும். தடிமன் கொஞ்சம் பிசகினாலும், முதல் இழையை உருவாக்கத் தேவையான மின்னழுத்தம் செல்லுக்குச் செல் மாறிவிடும். ஹாஃப்னியம் ஆக்சைடை ஏ.எல்.டி. முறையில், அதாவது அணு அடுக்குகளாகப் படிய வைக்கும் முறையில், சுற்றுக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் என்று எண்ணிப் போடலாம். 2007இல் இன்டெல் 45 நானோமீட்டர் டிரான்சிஸ்டரில் ஹாஃப்னியத்தைக் கொண்டுவந்ததிலிருந்து, பெரிய ஃபேப்களுக்கு (சிப் தொழிற்சாலைகளுக்கு) இது பழகிய வேலை. டாண்டலமும் அங்கே அந்நியமல்ல, செம்புக் கம்பிகளைச் சுற்றிய தடுப்புப் படலத்தில் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் நிறைந்த அடுக்கு, குறைந்த அடுக்கு என்று இரண்டையும் ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படிய வைக்கும் முறையில்) ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எடுப்பது பெரிய தலைவலி.

ஹாஃப்னியத்தின் குறை, இழை சட்டென்று உருவாவது. நரம்பிணைப்பின் எடையோ (இணைப்பு எவ்வளவு வலுவானது என்ற எண்ணோ) கற்கும்போது படிப்படியாக மாற வேண்டும். பயிற்சியையும் சிப்பிலேயே நடத்துவதாக இருந்தால் டாண்டலம் முந்தலாம். என் அனுபவம், வெளியே கணினியில் பயிற்றுவித்த எடைகளைச் சிப்பில் எழுதிப் படிப்பதோடு நின்றுவிடுகிறது.

இரண்டையும் சேர்ப்பதற்கும் வழி உண்டு. 2022இல் வந்த, சுமார் 30 லட்சம் செல்கள் கொண்ட நியூரம் (NeuRRAM) என்ற ஆய்வுச் சிப்பில் நிலை மாறும் அடுக்கு ஹாஃப்னியம் ஆக்சைடு. அதன் மேல் வெப்பத்தைத் தேக்க டாண்டலம் ஆக்சைடு.