வாசலா, ஆளா?

பாதுகாப்புக்கான நம் வரிப்பணம் கருவிக்குப் போகவேண்டுமா, ஆட்களுக்குப் போகவேண்டுமா? மும்பை சிஎஸ்எம்டி (முன்பு சிஎஸ்டி) ரயில் நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் மெட்டல் டிடெக்டர் வாசலைப் பார்த்திருப்பீர்கள். சாவி, செல்போன், டிபன் டப்பா என்று எதை எடுத்துப் போனாலும் 'பீப்'. யாரும் நிறுத்துவதில்லை. காலை நேரக் கூட்டத்தில் நிறுத்தவும் முடியாது. மாதாமாதம் சம்பளத்தில் டிடிஎஸ் என்று வருமான வரி பிடிக்கும்போது எனக்கு அந்த 'பீப்'தான் காதில் கேட்கிறது.

ஆட்களுக்குச் செலவழிப்பது வேறு கதை. 2008 நவம்பர் 26 இரவு இதே நிலையத்தில் பயங்கரவாதிகள் துப்பாக்கிச் சூடு நடத்தியபோது, அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே மைக்கில் பேசியே பயணிகளைப் பின்வாசல் வழியாக வெளியேற்றினார். கிர்காவ் சௌபாத்தி கடற்கரையில் போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே லத்தியோடு போய், அந்தப் பயங்கரவாதிகளில் ஒருவனான கசாபின் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார். ஓம்ப்ளேயின் உயிர் போனது. கசாப் உயிரோடு சிக்கினான். அசோக சக்ரா கொடுத்தோம், சரி. லத்திக்கு மேல் ஏதாவது முன்பே கொடுத்திருக்கலாமே! என்எஸ்ஜி (தேசியப் பாதுகாப்புப் படை) கமாண்டோக்கள் அன்று டெல்லிப் பக்கத்திலிருந்து வரவேண்டியிருந்தது. 2009இல் மும்பையிலேயே என்எஸ்ஜி மையம் வந்தது. அந்தச் செலவில் எனக்குக் குறையில்லை.

கருவியே வேண்டாம் என்பதல்ல. விமான நிலையத்தில் அதே வாசல் உருப்படியாக வேலை செய்கிறது. 'பீப்' அடித்ததும் சிஐஎஸ்எஃப் என்ற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் வீரர் ஒருவர் சோதித்துப் பார்க்கிறார். ஆளில்லாத இடத்தில் அது கல்யாண மண்டப வளைவுதான். அடுத்த டெண்டர் போடுமுன் காவலருக்குப் பயிற்சியும் தோட்டா துளைக்காத நல்ல ஜாக்கெட்டும் வாங்குங்கள்; என் வரியை முணுமுணுக்காமல் கட்டுகிறேன்.