பவளத்தை முக்கி எடுப்பது: மூன்று பாட்டில் தீர்ந்த பிறகு

என் உப்புநீர்த் தொட்டிக்கு நாலு வயதாகிறது. பவளத்தில் ஒட்டி வரும் பூச்சி புழுக்களைப் போக்கும் மருந்துகளில் இதுவரை கோரல் ஆர்எக்ஸ் இரண்டு பாட்டிலும் ரிவைவ் ஒரு பாட்டிலும் காலி. முதல் ஐந்து மாதத்தைத் தவிர, வாங்கி வந்த எந்தப் பவளத்துண்டும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்காமல் உள்ளே போனதில்லை.

அந்த ஐந்து மாதத்துக்குள்தான் ஒரு ஸோவா கொத்து வாங்கினேன்; சின்னப் பூ மாதிரி விரியும் தலைகள் கொண்ட பவள வகை அது. பச்சையும் ஆரஞ்சுமாக நாற்பது தலை இருக்கும். “சுத்தமான சரக்கு” என்றார் கடைக்காரர். நானும் தண்ணீர்ச் சூட்டை மட்டும் சரிபார்த்து நேரே வைத்துவிட்டேன். இரண்டாவது வாரம் பாதித் தலைகள் விரியவே இல்லை. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு தலை மட்டும் மெதுவாக நகர்கிறது! ஸோவாவைத் தின்னும் நூடிபிராங்க், அதாவது ஓடில்லாத கடல் நத்தை அது. தின்ற ஸோவாவின் நிறம் அதன் உடம்பிலும் ஏறிவிடும்; முதுகு இழைகளும் ஸோவாவின் விளிம்பு மாதிரியே இருக்கும். கடைசியில் மிஞ்சியது ஆறு தலை.

சரி, மருந்துக்கு வருகிறேன். இரண்டிலும் தரை துடைக்கும் லோஷன் மாதிரி ஒரு வாசம். இரண்டுமே தண்ணீரைக் கலங்கடிக்கும், அதனால் முக்கும் வாளியில் எதுவும் சரியாகத் தெரியாது. அலசுவதற்கு வெள்ளை நிற வாளி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் அளவையும் நேரத்தையும் நான் தாண்டுவதில்லை. அந்தச் சில நிமிடமும் ரப்பர் குமிழ் வைத்த பீச்சுக்குழாயால் இடுக்கு இடுக்காகத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா ஊற வைத்தால் மயங்கிய புழு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு அலசும் வாளியின் அடியைப் பார்த்தால் முட்புழு, பொடி இறால், சில நேரம் மான்டிபோரா பவளத்தைத் தின்னும் வெள்ளை நூடிபிராங்க், அரிசிக் குருணை அளவில். பவளத்தை முக்கி எடுத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

வேலை செய்கிறதா என்றால், ஊர்ந்து திரியும் புழுக்களுக்கு நன்றாகவே செய்கிறது. முட்டைக்கு இல்லை. எந்த மருந்தில் முக்கினாலும் முட்டை பிழைத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, சதை போன அடிக்கட்டையில் பழுப்பு நிறத்தில் முட்டையைப் பூசி வைக்கும். அதனால் கடையில் பவளத்தை ஒட்டித் தந்த வில்லையை முதல் வேலையாக வெட்டி எறிந்துவிட்டு, புது வில்லையில் சூப்பர் க்ளூ ஜெல் வைத்து ஒட்டுகிறேன். அப்புறம் தனித் தொட்டியில் ஆறு வாரம், வாரம் ஒரு முக்கல். அலுப்புதான், ஆனால் நான் பார்த்தவரை காப்பாற்றியது பாட்டிலைவிட இந்த ஆறு வாரம்தான்.

ஐப்டேசியா என்ற களை மாதிரிப் பரவும் கடல் அனிமோனும் குழாய் நத்தையும் இந்த மருந்துகளுக்கு மசியாது. நத்தையின் குழாயைச் சுரண்டிவிட வேண்டும், அல்லது வாயை க்ளூ வைத்து அடைக்க வேண்டும். லூகால் அயோடினை வெட்டுப்பட்ட பவளத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். விரலில் பட்டால் கறை லேசில் போகாது. தோட்டத்துப் பூச்சிமருந்தில் முக்குபவர்களும் இருக்கிறார்கள், பலன் நன்றாக இருக்கிறதாம். குழந்தை இருக்கும் வீட்டில் எனக்கு அது வேண்டாம்.

ஒரு வருத்தம் இன்னும் உண்டு. பொசிலோபோரா பவளம் ஒன்றை அவசரத்தில் அப்படியே முக்கிவிட்டேன். கிளைக்குள் ஒரு ட்ரபீசியா நண்டு இருந்திருக்கிறது. பவளத்தைத் தின்ன வரும் நட்சத்திர மீனையே கிள்ளி விரட்டும் காவல்காரன் அது. அலசும் வாளியில் கால் மடங்கிக் கிடந்தது. இப்போதெல்லாம் மருந்து கலக்கும் முன் துண்டைத் தொட்டித் தண்ணீரில் தலைகீழாகப் பிடித்து, கிளைகளுக்குள் மெல்லப் பீச்சி, நண்டு இருந்தால் வெளியே எடுத்துவிடுகிறேன்.

போன மாதம் மறுபடி ஒரு ஸோவா கொத்து வாங்கினேன். முதல் இரண்டு முக்கலில் ஒன்றுமில்லை. நேற்று மூன்றாவது முறை அலசியபோது பச்சை நூடிபிராங்க் ஒன்று விழுந்தது. காலண்டரில் போட்டிருந்த தேதியை அடித்துவிட்டு, நேற்றிலிருந்து ஆறு வாரத்தை மறுபடி எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.