12 வோல்ட் டிசி சீலிங் ஃபேன்: கடலூர் வீட்டுக்கு வாங்கலாமா?

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறிய பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. பாட்டரியில் நேராக ஓடும் ஃபேனுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. 48 அங்குல, 28 வாட் டிசி ஃபேன் வாங்கத் தகுந்த பொருள்தான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி கரண்டுக்கு லைன் இழுக்கிற பழக்கத்திலேயே இதற்கும் வயர் இழுத்தால்தான் கெட்ட பெயர் வருகிறது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 900 வாட்-மணி. சாதா ஃபேன் 75 வாட். டிசியை 230 வோல்ட் ஏசியாக மாற்ற இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் சுமார் 95 வாட் போகும். ஒன்பதரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டிசி ஃபேன் அதே பாட்டரியில் 32 மணி நேரம் ஓடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சாதா ஃபேன் போடும் 'ங்ங்' சத்தமும் இதில் கிடையாது. இத்தனைக்கும் இந்த மோட்டார் காயிலில் ஓடுவது திசை மாறி மாறிப் போகும் கரண்ட்தான். உள்ளே இருக்கும் போர்டு டிசியை வெட்டி மூன்று காயில்களுக்கும் முறை வைத்துக் கொடுக்கிறது.

இனி வயர். 230 வோல்ட்டில் 28 வாட்டுக்குச் சொற்பக் கரண்ட் போதும். 12 வோல்ட்டில் 2.3 ஆம்பியர் வேண்டும். பாட்டரியிலிருந்து 10 மீட்டர் தூரம் என்றால் போக, வர 20 மீட்டர் செம்பு. 1 சதுர மி.மீ. வயரில் 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், காற்று மந்தமாகும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.32 வோல்ட்தான். பாட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 5 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் பாட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும், வயர் பற்றிக்கொள்ளும்.

ஏசியில் எந்த வயர் எந்தப் பக்கம் போனாலும் ஃபேன் சுற்றும். இதில் பிளஸ், மைனஸ் மாறினால், பாதுகாப்பு டயோடு இல்லாத போர்டு அங்கேயே போச்சு. சிவப்பு, கறுப்பு வயரே போடுங்கள். வீட்டு பிளக் மாட்டாதீர்கள். யாராவது 230 வோல்ட்டில் சொருகிவிடுவார்கள். '12 வோல்ட்' சோலார் பேனலிலிருந்து நேராகவும் கொடுக்கக் கூடாது. லோடு இல்லாதபோது அது 21 வோல்ட்டைத் தாண்டும். சார்ஜ் ஏறும் பாட்டரியே 14.4 வோல்ட் காட்டும் என்பதால், 10.5 முதல் 15 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தப்பு இன்னொன்று: இரட்டை பாட்டரி இன்வெர்ட்டரில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் உருவுவது. அந்தப் பாட்டரி இறங்கிக்கொண்டே போக, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். இரண்டும் சீக்கிரம் செத்துவிடும். அங்கே 24 வோல்ட் ஃபேன்தான் சரி.

ஒரே ஒரு 12 வோல்ட் ஃபேனுக்கு வீட்டு ஸ்விட்ச் தாங்கும். பேனல்களைத் தொடராக இணைத்த நூறு வோல்ட் லைனில் அதே ஸ்விட்ச் ஆபத்து. ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும்; டிசியில் அது அணையாமல் நின்று எரியும்.

தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் முறுக்கிவிட்ட ஜாயின்ட் பச்சை பிடிக்கும். 12 வோல்ட்டில் அந்தச் சின்னத் தடையே ஃபேனை நிறுத்திவிடும். வயர் முனையில் லக் (உலோக வளையம்) வைத்து முடுக்கி, முனைகளில் வாசலின் பூசுங்கள்.

வயரிங் மாற்ற முடியாத வாடகை வீட்டுக்கு 230 வோல்ட் பிஎல்டிசி ஃபேன் (இதே வகை மோட்டார், ஆனால் வீட்டு ஏசி லைனிலேயே ஓடுவது) போதும். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேர் லைன் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த போர்டும் போகும்.