நாகர்கோவில் பயிற்சியாளரா, திருவனந்தபுரம் அகாடமியா?

மகளுக்கு ஒன்பது வயது. அவளை உள்ளூர் டென்னிஸ் பயிற்சியிலேயே விடுவதா, 70 கிலோமீட்டர் தள்ளித் திருவனந்தபுரத்தில் சேர்ப்பதா என்பதுதான் இப்போது வீட்டு வழக்கு.

உள்ளூரில் பள்ளி விட்ட அரைமணி நேரத்தில் மைதானம். வாரம் ஐந்து நாள் ஆடலாம். திருவனந்தபுரம் என்றால் சனி, ஞாயிறு மட்டும். வழியிலுள்ள களியக்காவிளை நெரிசலில் ஊர்ந்து, காரில் தூங்கி எழுந்த பிள்ளை முதல் அரைமணி நேரம் பந்தை அடிப்பதில்லை; பந்துதான் அவளை அடிக்கிறது. இரண்டு பருவமழையும் இரு ஊரையும் நனைக்கின்றன என்பதால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

உண்மையான வேறுபாடு பந்தில் இருக்கிறது. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளே வேண்டும் என்பது 2012 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. வழக்கமான பந்தைவிடச் சிவப்பு 75 சதவீதமும் ஆரஞ்சு 50 சதவீதமும் பச்சை 25 சதவீதமும் வேகம் குறைந்தவை. அகாடமியில் ஆரஞ்சுப் பந்து, 18 மீட்டர் கோர்ட். இங்கோ முதல் நாளே பெரியவர்களின் பந்து; தலைக்கு மேல் எகிறுவதை அடிக்கப்போய் ராக்கெட் பிடியே கோணலாகிவிட்டது.

அகாடமியில் தன்னைவிடச் சற்று நன்றாக ஆடும் பிள்ளைகளும் உண்டு. இங்கே ஒரே எதிராளி, அவனுடைய சர்வீஸ் இவளுக்கு மனப்பாடம்.

ஆனாலும் இப்போதைக்கு நாகர்கோவில்தான். ஆரஞ்சுப் பந்துகளை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன், பயிற்சியாளரும் மறுக்கவில்லை. 12 வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்குப் போகும்போது களியக்காவிளையைப் பார்த்துக்கொள்ளலாம்.