'இப்படி ஆனால் என்ன ஆகும்' கணக்கு: எக்செல்லா, திட்டமிடல் மென்பொருளா?

விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை ஒரு மாதம் இழுத்தடித்தால்? புதிதாக ஆள் எடுப்பதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப் போட்டால்? இந்தக் கேள்விகளை எக்செல்லிலும் போட்டுப் பார்க்கலாம், தொழில் திட்டமிடலுக்கென்றே இருக்கும் மென்பொருளிலும் போட்டுப் பார்க்கலாம். நான் முன்னதிலிருந்து பின்னதுக்கு மாறியவன், திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். எக்செல் பெரும்பாலும் ஏற்கெனவே கையில் இருக்கும், யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம். மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டும், கணக்குத் தலைப்புகளைப் பொருத்தி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

அதற்காக எக்செல்லைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த அத்தனையும் தானாக மாறும் என்பதுதான், 1979-இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் தொடங்கி, விரிதாள்களின் பலமே. எக்செல்லில் 'வாட்-இஃப் அனாலிசிஸ்' என்ற தலைப்பின் கீழ் இன்று மூன்று கருவிகள் இருக்கின்றன. வேண்டிய விடையைச் சொன்னால் கோல் சீக் அதற்கான எண்ணைத் தேடித் தரும், ஆனால் ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்றிப் பார்க்கும். பல எண்களைப் போட்டு விடைகளை அட்டவணையாகக் காட்டும் டேட்டா டேபிளில் அதிகபட்சம் இரண்டு எண்கள். 'இப்படி ஆனால்' என்ற ஒவ்வொரு சூழலின் எண்களையும் ஒரு பெயரில் சேமித்து வைக்கும் சீனாரியோ மேனேஜரில் 32 செல்கள் வரை மாற்றலாம். ஒரு விலை முடிவுக்கோ ஒரு கடன் தவணைக்கோ இது தாராளம்.

திட்டம் ஒரு நாள் வேலையாக இல்லாமல் மாதாமாதம் ஓட வேண்டியதாக ஆகும்போதுதான் சிக்கல். என்னை மாற வைத்தது பராமரிப்பு. மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சீனாரியோ மேனேஜரில் 'ஷோ' பொத்தானை அழுத்தியதும் அந்தச் சூழலின் எண்கள் உங்கள் அசல் எண்களின் மேலேயே வந்து உட்காரும். அசலையும் ஒரு சூழலாக முதலிலேயே சேமித்து வைக்காவிட்டால் பழைய எண்களுக்குத் திரும்புவது பெரும்பாடு. அந்த செல்லில் ஒரு சூத்திரம் இருந்திருந்தால், அதன் இடத்தில் வெறும் எண் நிற்கும், தொடர்பு அங்கேயே அறுந்துவிடும். சூழல்களின் சுருக்க அறிக்கையும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும். இதனால்தான் பலரும் அதைத் தொடாமல், கோப்பையே நகலெடுத்து 'நல்ல நிலை', 'மோசமான நிலை' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் வாடகை கூடினால் மூன்று கோப்பிலும் திருத்த வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு சூழல்களை அல்ல, இரண்டு வேறு வேறு திட்டங்களை.

நல்ல மென்பொருள் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அடிப்படைத் திட்டம் ஒன்றுதான். எந்த அனுமானத்தை மாற்றினீர்களோ அந்த வித்தியாசத்தை மட்டும் சூழல் நினைவில் வைத்துக்கொள்ளும், மற்ற எல்லாம் அடிப்படையிலிருந்தே வரும். வாடகையை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாச் சூழல்களிலும் திருந்தும். மாத முடிவில் உண்மைக் கணக்கு வந்து சேரும்போதும் இதே கதைதான், ஓரிடத்தில் ஏற்றினால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. இப்படிப்பட்ட மென்பொருளில் லாப நட்டம், இருப்புநிலை (சொத்தும் கடனும் காட்டும் தாள்), பணப்புழக்கம் மூன்றும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பிணைந்தே வரும். மாத விற்பனை 100, நேரடிச் செலவு 60, நிலையான செலவு 30, லாபம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் நேரடிச் செலவும் கூடவே 54 ஆகும், லாபம் 6-க்கு இறங்கும். அதாவது லாபத்தில் நாற்பது சதவீதம் போயிற்று. சரி, விற்பனை குறையவில்லை, எல்லோரும் முப்பது நாள் தாமதமாகப் பணம் தருகிறார்கள் என்றால்? லாபம் அதே 10. ஆனால் ஒரு மாத விற்பனையான 100 வெளியே முடங்கிக் கிடக்கும், பத்து மாத லாபத்துக்குச் சமமான பணம். லாப நட்டத் தாளை மட்டும் வைத்து எக்செல்லில் சூழல் போடுகிறவருக்கு இந்த இரண்டாவது அடி கண்ணில் படவே படாது. எக்செல்லிலும் மூன்றையும் பிணைக்கலாம்தான், ஆனால் கட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடப் பயப்படுவார்கள்.

எல்லா மென்பொருளும் இப்படி வேலை செய்யாது, இதை மறக்கக் கூடாது. சிலவற்றில் புதுச் சூழல் என்பது முழுத் திட்டத்தின் நகல்தான். அப்படியானால் கோப்பு நகலெடுத்த அதே தொல்லை, கூடவே சந்தாவும். வாங்குவதற்கு முன் சோதனைக் காலத்திலேயே இதைச் செய்து பாருங்கள்: ஒரு சூழலை உருவாக்கி விற்பனையை மட்டும் மாற்றுங்கள், பிறகு அடிப்படைத் திட்டத்துக்குப் போய் வாடகையை மாற்றுங்கள், மறுபடி சூழலைத் திறந்து பாருங்கள். புது வாடகை அங்கே வந்திருந்தால் நல்லது. வரவில்லையென்றால், விற்பனைப் பிரதிநிதி காட்டும் வண்ண வரைபடங்களில் மயங்க வேண்டாம். அப்படியே, 'விற்பனைச் சரிவு', 'தாமதப் பணம்' என்ற இரண்டு சூழல்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் என்றாலே 27 சேர்க்கைகள் வந்துவிடும். அத்தனையையும் தனித்தனியாக வைத்துக் காப்பாற்ற ஆளில்லை.

நகலுக்கும் ஓர் இடம் உண்டு. நிர்வாகக் குழு ஒப்புக்கொண்ட பட்ஜெட் ஆண்டு நடுவில் தானாக மாறக் கூடாது. அதை நகலெடுத்துப் பூட்டி வைப்பதுதான் முறை, எனவே பூட்டும் வசதி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

என் அனுபவம் சேவைத் தொழிலோடு சரி. சரக்கு இருப்பும் உற்பத்தித் திறனும் சேர்ந்து ஓடும் ஆலைக்கோ, பல நாணயங்களில் கணக்கு வைக்கும் குழுமத்துக்கோ இதே தேர்வைச் செய்யுங்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பட்ஜெட் போட்டு எடுத்து வைக்கிறவருக்குச் சந்தா வீண்தான், எக்செல்லே போதும். எந்த விலையில் விற்றால் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் தேறும் என்று சட்டெனப் பார்க்க நானும் இன்றுவரை கோல் சீக்கைத்தான் திறக்கிறேன்.