ஹார்மோன் கிட் வாங்கியவர்கள் தயவுசெய்து தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இன்ஸ்டாகிராமில் ஒரு ஹார்மோன் கிட் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மஞ்சள் சுடிதாரில், லேப் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி, "மாத்திரையே இல்லாம எனக்குத் தைராய்டு நார்மல் ஆயிடுச்சு" என்று சொல்வது நான்தான். அது உண்மை இல்லை. சொன்னபோது உண்மை என்றுதான் நம்பினேன்.

எனக்கு 6 வருடமாகத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் 75 மைக்ரோகிராம் மாத்திரை. போன வருடம் பீரியட்ஸ் 45 நாள், 50 நாள் என்று தள்ளிப்போக ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்றார்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சீராக வாய்ப்பிருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். எனக்குத்தான் பொறுமை இல்லை. அந்த நேரத்தில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 90 நாள் கிட், 6,499 ரூபாய்.

வந்தது இரண்டு டப்பா பொடி, ஒரு கஷாயப் பாக்கெட், முடிக்கும் தோலுக்கும் என்று ஒரு குப்பி கேப்சூல். மாதத்தின் முதல் பாதியில் ஆளி விதையும் பூசணி விதையும் கலந்த பொடி, பின் பாதியில் எள்ளும் சூரியகாந்தி விதையும். இதற்கு சீட் சைக்கிளிங் என்று பெயர். அம்மா இரண்டாவது டப்பாவில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம எள்ளுப்பொடிதாண்டி இது, உப்பும் காரமும்தான் இல்ல" என்றார். விதைகள் நல்ல உணவு, இன்றும் சாப்பிடுகிறேன். ஆனால் தேதி பார்த்து மாற்றிச் சாப்பிட்டால் ஹார்மோன் சீராகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

பொடியோடு நின்றிருந்தால் காசு மட்டும்தான் போயிருக்கும். 15ஆம் நாள் அவர்களுடைய கவுன்சிலர் போன் செய்தார். "சிஸ்டர், இங்கிலீஷ் மாத்திரை உள்ள போனா நம்ம மருந்து வேலை செய்யாது. இன்னையோட நிறுத்திடுங்க." நிறுத்திவிட்டேன்.

நிறுத்திய மூன்றாவது வாரத்திலேயே உடம்பு சொன்னது. காலையில் முகம் உப்பியிருக்கும், குரல் கரகரக்கும், மே மாத வெயிலில் ஃபேனை அணைக்கச் சொல்வேன். கவுன்சிலரிடம் கேட்டால், "நச்சு வெளியேறுது சிஸ்டர், நல்ல அறிகுறி" என்பார். ஏழாவது வாரம் பயந்துபோய் ரத்தம் கொடுத்தேன். தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 2.8 என்று வந்தது. நார்மல்! அழுதேவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் எடுத்ததுதான் அந்த வீடியோ.

ஆனால் சோர்வு குறையவில்லை, பீரியட்ஸும் வரவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முடி வளர எதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். கேப்சூல் குப்பியை நீட்டினேன். பயோட்டின் என்ற வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையே 30 மைக்ரோகிராம் அளவுதான். பல லேப்களில் டிஎஸ்ஹெச் பார்க்கும் முறையிலேயே பயோட்டினுக்கு ஒரு வேலை இருக்கிறதாம். ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017இல் பயோட்டினால் லேப் முடிவுகள் தவறிப்போவதாக எச்சரித்திருக்கிறது. கேப்சூலை நிறுத்தி ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம். 48. நான்குக்குள் இருக்க வேண்டியது.

தைராய்டு குறைந்தாலே மாதவிலக்கு தாறுமாறாகும் என்பதையும் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். எதைச் சரி செய்யப் பணம் கட்டினேனோ, அதையே அவர்கள் மோசமாக்கினார்கள்.

பணத்தைக் கேட்டபோது, "பிரித்த கிட்டுக்கு ரீஃபண்ட் இல்லை" என்றார்கள். அதற்குமேல் கேட்டதும் நம்பரை பிளாக் செய்தார்கள். அப்போதுதான் லேபிளைத் திருப்பிப் படித்தேன். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மட்டும்தான் இருந்தது. அது உணவுப் பொருளுக்கான உரிமம். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் மருந்து தயாரிப்பு உரிம எண் அச்சடித்திருக்க வேண்டும், அது இல்லை. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன்.

மாத்திரையை மறுபடி தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. வீடியோவை எடுக்கச் சொல்லி நான்கு முறை எழுதியும் இன்னும் எடுக்கவில்லை. அதன் கீழே, "அக்கா, உங்களைப் பார்த்துதான் ஆர்டர் போட்டேன்" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால்: மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே உங்கள் டாக்டரிடம் போங்கள். அந்தக் கேப்சூல் குப்பியையும் கையோடு எடுத்துப்போய், ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் காட்டுங்கள்.