கடன் செயலி 'கான்டாக்ட்ஸ்' கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்

போன மாதம் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தபோது முன்பணத்துக்கு ஐயாயிரம் குறைந்தது. 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. தொட்டதும் பிளே ஸ்டோருக்குப் போகாமல் நேராக ஒரு ஏபிகே ஃபைல் (ஸ்டோர் வழியாக இல்லாமல் செயலியை நேரடியாகப் போனில் நிறுவும் கோப்பு) இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

திறந்ததும் வரிசையாகக் கேட்டது: கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், போட்டோ, லொகேஷன். கான்டாக்ட்ஸுக்கு மட்டும் வேண்டாம் என்று அழுத்திப் பார்த்தேன். அதற்குமேல் நகரவே இல்லை. பில் கவுன்ட்டரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சரி என்று அழுத்திவிட்டேன்.

கடன் 8,000 ரூபாய். கணக்கில் ஏறியது 5,200. மீதி 'பிராசஸிங் ஃபீஸ்' என்றார்கள். ஏழே நாளில் எட்டாயிரத்தையும் கட்ட வேண்டுமாம்.

ஆறாம் நாள் காலையிலேயே மிரட்டல் தொடங்கியது. மதியத்துக்குள் என் போனில் இருந்த மற்றவர்களுக்கும் போய்விட்டது. எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அக்கா, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் தன் போனை என் கையில் கொடுத்தார். "உன் போட்டோ போட்டு வந்திருக்கு தம்பி, என்னன்னு படிச்சுச் சொல்லு." தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். அதன்மேல் சிவப்பு எழுத்தில் 'மோசடிக்காரன்'. கீழே, இந்தக் கடனுக்கு ஜாமீன் நீங்கள்தான் என்று இருந்தது. "நான் எங்கேயும் கைநாட்டு வைக்கலையேப்பா" என்றார். அவர் குரல் நடுங்கியது.

அவர் எண்ணை அவர்களிடம் கொடுத்தது நான். அவரை யாரும் கேட்கவில்லை. செயலியை உடனே நீக்கினேன், பயனில்லை. பட்டியல் ஒருமுறை அவர்கள் சர்வருக்குப் போய்விட்டால், அப்புறம் அனுமதியை ரத்து செய்தாலும் திரும்பாது.

கடன் செயலிகள் கான்டாக்ட்ஸ், கால் விவரம், ஃபைல்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கேமரா, மைக், லொகேஷன் மட்டும் கேஒய்சிக்காக (வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்க), நம் சம்மதத்தோடு ஒருமுறை கேட்கலாம். பிளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் கடன் செயலிகள் கான்டாக்ட்ஸ், போட்டோக்களைத் தொடுவதற்குத் தடை கொண்டுவந்தது. ஏபிகே-யாக அனுப்பினால் பிளே ஸ்டோரின் தடை குறுக்கே வராது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: மருத்துவ ஆலோசனைச் செயலிக்குக் கான்டாக்ட்ஸ் தேவையில்லை, அதனால் பயனர் சம்மதம் தந்திருந்தாலும் கான்டாக்ட்ஸ் விஷயத்தில் அந்தச் சம்மதம் செல்லுபடியாகாது. டாக்டருக்கே தேவைப்படாத பட்டியல் கடன் கொடுப்பவருக்கு எதற்கு? மிரட்டத்தான்.

பயத்தில் முழுத் தொகையையும் கட்டினேன். அபராதம் 3,000 பாக்கி என்று மறுபடியும் வந்தார்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்தேன், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது. கடன் வாங்கும் முன், ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள கடன் செயலிகள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர் படத்தோடு இப்படி ஒரு செய்தி வந்தால், அந்த எண்ணுக்குப் பதில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண் தெரிகிற மாதிரி, அவருக்கே அனுப்புங்கள். என் புகாரோடு நான் இணைத்தவை அப்படி வந்த பதினோரு படங்கள்தான். அதில் ஒன்று காய்கறி அக்கா போனிலிருந்து எடுத்தது.